கை சொன்ன வருஷம்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் எழுதுவது. நான் சுகம். உன் கழுத்து வலி தேவலையா?

உன் அண்ணிக்கு எப்போது கை முடங்கியது என்று அங்கே கேட்கிறார்களாம். அவளுக்கு நினைவில்லையாம், என்னைக் கேட்கச் சொன்னாளாம். எழுதிக்கொள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பூட்டுப் போட்ட வருஷம். பஸ் கட்டணம் இரண்டு தடவை ஏறி, ஒரு பயணி நம் கண்டக்டரைச் சட்டையைப் பிடித்து உலுக்கிய வருஷம். (எழுதுகிறவர் முகம் சுளிக்கிறார். நடந்தது நடந்ததுதானே.) தெருமுனையில் இருந்த சினிமாக் கொட்டகையை இடித்து, அந்தப் புழுதி எல்லார் வீட்டுத் தண்ணீரிலும் மிதந்த வருஷம். அந்தப் புழுதியைத் துடைக்கத்தான் அலமாரி மேல்தட்டுக்குக் கையைத் தூக்கினாள். பாதியில் நின்றுவிட்டது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீங்க துடைங்க" என்றாள். துடைத்தேன். அன்றிலிருந்து தலை வாருவதும் இடது கையால்தான்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எதுவும் உடையவில்லை, மூட்டு இறுகியிருக்கிறது, பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு இன்னொருத்தர்? நீ கூப்பிட்டாய், அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு வாரம் என்றாள். இப்போது ஆறு தடவை போகவேண்டும் என்று எழுதுகிறாய். அந்த ஆள் அவளை என்னதான் செய்வான்? விவரமாக எழுது. எனக்கு வாசிக்கத் தெரியாதே தவிர, கேட்டுக்கொள்ளத் தெரியும்.

உங்கள் இருவர் உடம்பையும் கவனித்துக்கொள்ளவும்.

அண்ணன்

பிப்ரவரி 17

அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது. என் கழுத்து நன்றாகத் திரும்புகிறது. பின்னால் வருகிற சைக்கிளைப் பார்க்க இப்போது உடம்பையே திருப்ப வேண்டியதில்லை. அண்ணியும் சுகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பயப்பட ஒன்றுமில்லை, அண்ணா. கினிசியாலஜி என்று பெயர். தசையைச் சோதித்துப் பார்க்கிற முறை. போன வருஷம் கழுத்துக்காக நான் போனதும் இதே ஆளிடம்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. முதல் தடவை முக்கால்வாசி நேரம் பேச்சுதான். தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்போதாவது கீழே விழுந்தீர்களா, எதைக் கண்டால் பயம் என்றெல்லாம். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர். உடுத்திய துணியோடு கட்டிலில் படுக்கவேண்டும். கையைத் தூக்கி வைக்கச் சொல்லி, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரலால் மெதுவாக அமுக்குவார். "பிடிச்சு நில்லுங்க" என்பார். பலப்பரீட்சை இல்லை. கை அப்படியே நின்றால் அது ஒரு பதில். தாழ்ப்பாள் கழன்ற கதவு மாதிரி இறங்கினால் அது இன்னொரு பதில். வாயால் ஒன்றைச் சொல்லச் சொல்லிவிட்டு அமுக்குவார். மனசுக்கு ஒட்டாததைச் சொன்னால் கை தளரும் என்பது அவர்கள் கணக்கு. நம்புகிறவர்கள் நம்பட்டும். என் கழுத்து திரும்புகிறது, எனக்கு அது போதும்.

தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "தொடலாமா? இதப் பத்திக் கேக்கலாமா?" என்று கேட்பார். முதல் நாள் அண்ணி, அவர் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முடிந்த அன்றைக்கு அசதியாக இருக்கும், தூக்கம் வரும். சிலருக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும். மறுநாள் வலி கூடின மாதிரிகூட இருக்கும். எடுத்த எடுப்பில் கை மேலே பறந்துவிடாது. எலும்பு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதீர்கள் என்று அவரே சொல்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை

பிப்ரவரி 23

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி எழுதுவது. நான் சுகம் என்று போடச் சொல்கிறார் கண்டக்டர். போட்டுக்கொள்ளட்டும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "தொடலாமா"வாம். அந்த ஆளுக்கு என்ன வயசு? கல்யாணம் ஆனவனா? முடி இருக்கிறதா? கண்ணாடிக் கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் பெண்டாட்டி மணிக்கட்டைப் பிடிக்கிறவனுக்கு நான் கையமுக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கை பேசும் என்று அவன்தான் கண்டுபிடித்தானா? நானும் அவளும் சலவைக்கூடத்தில் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். அந்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிடும். சுருக்கென்று இழுத்தால் கோபம். தொளதொளவென்று விட்டால் தலைவலி. இரண்டும் இல்லாமல் ஒரு இழுப்பு உண்டு. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். அத்தனை வருஷமும் அந்தக் கையைப் படித்தவன் நான். நான் படித்ததே அது ஒன்றுதான்.

அவள் அங்கே அழுதாளா? அதை மட்டும் எழுது. என் எதிரே அழுததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 16

அண்ணாவுக்கு. எனக்குச் சளி பிடித்துக் கிடந்தேன், அதனால் பதில் தாமதம். அண்ணிதான் கஷாயம் வைத்துக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார். நீங்கள் நலம்தானே?

மூன்று தடவை ஆகிவிட்டது. கை தோள் உயரத்துக்கு வருகிறது. அதற்கு மேலே பிடிக்கிறது.

அண்ணி அழவில்லை, சிரித்தார். பொய் சொன்னால் கை எப்படி ஆகும் என்று காட்டுவதற்காக, "நான் ஒரு ஆம்பளன்னு சொல்லுங்க" என்றார் அவர். அண்ணி சொன்னதும் கை தொப்பென்று விழுந்தது. அண்ணி சிரித்த சிரிப்பில், கீழே கண்ணாடிக் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு சங்கதி. இந்த வலி எந்த வயசிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு வயசாகச் சொல்லி அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு வயசில் கை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய பாலம் திறந்த வருஷம் வருகிறது. "அந்த வருஷம் என்ன நடந்துச்சு அண்ணி?" என்றேன். "என்னமோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். உங்களுக்குத்தான் எல்லாம் நினைவிருக்குமே, அதனால் கேட்கிறேன்.

மற்றபடி அண்ணி நிறையப் பேசுகிறார். இவ்வளவு பேசுவார் என்று எனக்கு இத்தனை காலம் தெரியாது.

தங்கை

மார்ச் 20

தங்கச்சிக்கு. உன் சளி போயிற்றா? இங்கே ஒன்றும் போகவில்லை.

பாலம் திறந்த வருஷம் எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. முதல் நாள் அந்தப் பாலத்தில் போன செங்கல் லாரியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன், சுமை இறக்கப் போனவன். அப்பா காலில் ஆணி ஏறிப் படுத்திருந்தார். நீ பரிசாக வாங்கிய பேனாவைத் தொலைத்துவிட்டு, பூனை கொண்டு போனதாகச் சொன்னாய். ஆனால் அந்த வருஷத்தில் அவள் இல்லை. அப்போது எனக்கு அவளைத் தெரியாது. என் தலைக்குள் யார் யாருடைய வருஷமோ கிடக்கிறது, அவளுடைய அந்த ஒரு வருஷம் மட்டும் என்னிடம் இல்லை. அதைக் கையமுக்கி இரண்டு விரலால் எடுத்துக்கொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு மழை நாள். ரேடியோ கரகரத்தது. தட்டினேன், இன்னும் கரகரத்தது. அப்போது சொன்னாள்: "எங்க வீட்டு மாடியில ரேடியோ ரிப்பேர்காரர் ஒருத்தர் குடியிருந்தார். அவர் தொட்டா உடனே பாடும்." அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாததுதான் எனக்குச் சந்தேகம். "அவர் தொட்டா"! அந்த ரேடியோக்காரன் எந்த வருஷம் அங்கே குடியிருந்தான்? ஆள் எப்படி இருப்பான்? கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

அண்ணன்

அம்மா, இது கண்டக்டர் தாமாகச் சேர்த்து எழுதுவது. இவர் சொன்னதில் பாதிதான் எழுதியிருக்கிறேன். மீதி பெண்கள் வாசிக்கத் தக்கதல்ல. மூன்று நாளாக ரொட்டியும் டீயும்தான் உள்ளே போகிறது. வீட்டு ரேடியோவைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 4

தங்கச்சிக்கு. நலம், நலமறிய ஆவல், அது இது எல்லாம்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் எங்கள் படியில் கால் வைப்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போல.

கையமுக்கிதான் கையைக் கேட்டுச் சொல்கிறவனாயிற்றே, எனக்காக அவனை ஒன்று கேட்கச் சொல். அவள் வீட்டுக்குத் திரும்பி வருகிறாளா, இல்லையா? வாயால் அவள் சொல்லவேண்டாம். கை சொல்லட்டும்.

அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணாவுக்கு. கோபிக்காமல் கேளுங்கள். இங்கே எல்லாரும் சுகம்.

உங்கள் கடிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். முதல் கடிதத்திலிருந்தே அப்படித்தான், அண்ணி வாசிக்கச் சொல்வார். "நான் கேட்டதாகச் சொல்லாதே" என்ற இடத்தையும் அதே வேகத்தில் வாசித்துவிட்டேன். வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னித்துவிடுங்கள்.

ரேடியோக்காரருக்கு அப்போதே எழுபது வயசு இருக்குமாம். ஒரு கண் தெரியாதாம். பேரன் வீட்டில் இடமில்லாமல் மாடியில் குடியிருந்தாராம். "உங்கண்ணனுக்குப் பொறாமைப்பட ஆளே கிடைக்கலியா?" என்று அண்ணி கேட்டார். "அப்ப அந்த வருஷம் என்னதான் அண்ணி?" என்றேன். மேஜையிலிருந்த தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நீங்கள் கேட்கச் சொன்னதை அந்தக் கினிசியாலஜிக்காரரிடம் தனியாகச் சொல்ல நினைத்தேன், அண்ணி பக்கத்திலேயே இருந்தார். பரவாயில்லை என்று அண்ணி எதிரிலேயே கேட்டுவிட்டேன். "அவங்க கேக்கச் சொல்லாத கேள்விய நான் கேக்கமாட்டேம்மா. வேணும்னா அவரே கேக்கட்டும்" என்றார். அண்ணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஐந்தாவது தடவை முடிந்து வந்த அன்றைக்கு, என் பின்னறையில் கிடந்த பெட்டிகளை எல்லாம் அண்ணி எடுத்து வெளியே வைத்தார். பெருக்கினார். "எனக்கு இது போதும்" என்றார். "எத்தனை நாளைக்கு அண்ணி?" என்றேன். "பாப்போம்" என்றார். ஒரு பெட்டியை வலது கையால் தூக்கினார், அண்ணா. அதையும் சொல்லவேண்டும் அல்லவா.

தங்கை

ஏப்ரல் 17

தங்கச்சிக்கு.

எழுபது வயசு, ஒற்றைக் கண். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கிழவன் தொட்டதும் ரேடியோ பாடியதை இத்தனை காலம் நினைவு வைத்திருக்கிறாளே, நான் தட்டிய ரேடியோ எதையாவது நினைவு வைத்திருக்கிறாளா?

இப்போது உன் பின்னறை மேல் எனக்கு வயிறு எரிகிறது. உன் மேலும்தான். உன்னோடு அவ்வளவு பேசுகிறாளாமே. இங்கே "சாப்பிட வாங்க", "விளக்க அணைங்க". அந்த இரண்டைக் கேட்டே எத்தனை நாளாயிற்று.

நேற்று நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்டக்டரை அமுக்கச் சொன்னேன். நீ எழுதினபடியே முதலில் தண்ணீர் குடித்தேன். "தொடலாமான்னு கேக்கணுமில்ல?" என்றார். "அந்தக் கண்றாவியெல்லாம் வேண்டாம், அமுக்குய்யா" என்றேன். "அவ திரும்பி வருவா" என்று சொன்னேன். அமுக்கினார். கை தொப்பென்று விழுந்தது. "பஸ் கம்பியப் பிடிச்சுத் தொங்கின கைய்யா உன்னுது, மெதுவா அமுக்கு" என்றேன். மறுபடியும் விழுந்தது. சரி என்று, "அவ திரும்பி வரமாட்டா" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் விழுந்தது. "எதுக்கும் நிக்கலியே" என்றேன். "ஒழுங்கா சாப்பிடுறவன் கைதான்யா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு சோறு கொண்டு வந்து வைத்தார்.

அந்தப் பாலம் திறந்த வருஷத்தைச் சொல்லச் சொல். யாராக இருந்தாலும் சரி. ஒரு ஆள் என்று தெரிந்தால் அந்த ஆள் மேல் கோபப்பட்டுவிட்டுத் தூங்குவேன். ஆளே தெரியாமல் எப்படிக் கோபப்படுவது?

அண்ணன்

மே 5

உங்களுக்கு, நான் சொல்ல உங்க தங்கச்சி எழுதுறது. ஒரு எழுத்து மாத்தாம எழுதச் சொல்லியிருக்கேன்.

மொதல்ல சாப்பிடுங்க. ரேடியோவ மறுபடி பூட்டுங்க. திருகாணி தொலைஞ்சிருக்கும், கட்டிலுக்கு அடியில துடைப்பத்தால இழுத்துப் பாருங்க.

ஆறும் முடிஞ்சது. கை காது வரைக்கும் வருது. தலைய நானே வலது கையால வாரிக்கிறேன்.

பாலம் திறந்த வருஷம்ங்கிற கணக்கு தப்பு. என் சலவைக்கூடத்து வேலை அட்டையில இருக்கிற வயச வெச்சு உங்க தங்கச்சி கணக்குப் போட்டிருக்கா. அந்த வயச எழுத வெச்சது யாரு? நீங்க. இருபத்திரண்டு ஆகாத பொண்ண துணி தேய்க்கிற சூட்டு உருளைப் பக்கம் விடமாட்டோம்னு சலவைக்கூடத்துக் கிளார்க் சொன்னதும், என்னத் திரும்பிக்கூடப் பாக்காம மூணு வயச ஏத்திச் சொன்னீங்க. ஊர் உலகத்துல நடந்ததெல்லாம் நினைவிருக்கு, அது மட்டும் மறந்துபோச்சு. கை இறங்கினது பத்தொன்பதுக்கு. எனக்குப் பத்தொன்பது முடிஞ்சப்ப பாலம் திறந்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு. அது நம்ம கல்யாணம் நடந்த வருஷம். கை இறங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும். அதான் எழுந்துபோய் ஜன்னலச் சாத்தினேன்.

பதறாதீங்க. வேற யாரும் இல்ல. உங்களப் பிடிக்காம இருந்தேன்னும் இல்ல. உங்கள மாதிரி ஒருத்தர்கூட விரிப்ப முனை பிசகாம மடிச்சதில்ல.

அந்தக் கையமுக்கி (பேரு நல்லாத்தான் வெச்சிருக்கீங்க, எனக்கும் சிரிப்பு வந்துச்சு) மொத நாள் "தொடலாமா"ன்னு கேட்டப்ப நான் உங்க தங்கச்சியத் திரும்பிப் பாத்தேன். "உங்களத்தான் கேக்கிறேன்"னார். என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த வயசு வரைக்கும் என்ன யாரும் அப்படிக் கேட்டதில்ல. இழுப்பப் பாத்தே என் மனசு தெரியும்னு எழுதியிருந்தீங்க. தெரியும்தான், இல்லேங்கல. தெரியும்னே நீங்க கேக்கல. வேலைக்கு வர்றியான்னு கேக்கல. கல்யாணம் பேசினப்பவும் கேக்கல. இப்பவும் இருக்கியா வர்றியான்னு எனக்கு ஒரு கடுதாசி இல்ல. தங்கச்சிக்கு எழுதுறீங்க, எவனையோ விட்டுக் கையக் கேக்கச் சொல்றீங்க.

கை சொல்லாது. என்னக் கேளுங்க. பதில் இதுதான்னு முன்னாடியே முடிவு பண்ணாம கேளுங்க. நான் என்ன சொல்வேன்னு எனக்கே இன்னும் தெரியாது.

பின்னறையில காத்து நல்லா வருது.

நான்

மே 9

உனக்கு.

கண்டக்டர்தான் எழுதுகிறார். வேறு வழியில்லை. எழுதி முடித்ததும் மறந்துவிடவேண்டும் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். திருகாணி கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ரேடியோ பாடுகிறது, கொஞ்சம் மூக்கால். இரண்டு வேளை சோறு சாப்பிடுகிறேன். நீ சுகமா? காதுக்கு மேலே கை போகிறதா? ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறதா?

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் கண்டக்டர் எழுந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிளார்க்குக்கு மேல் உதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. மேஜை மேல் கல் வைத்துக் காகிதத்தைப் பறக்காமல் வைத்திருந்தான். அதெல்லாம் இருக்கிறது. நீ என் பக்கத்தில் நின்றாய் என்பதும் இருக்கிறது. உன் முகம் மட்டும் இல்லை. பார்த்திருந்தால்தானே இருக்கும்.

நீ பத்தொன்பது என்று சொன்னதும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது, வேறு ஆள் இல்லை என்று. அப்புறம்தான் அடி விழுந்தது. வேறு ஆளாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கையமுக்கி கேட்டதைப் பார்த்துத்தான் நானும் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. அவன் எனக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். (கண்டக்டர் சிரிக்கிறார்.) சரி, அவன் முதலில் கேட்டான். அது எனக்குக் காலம் பூராவும் எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும்.

வருகிறாயா?

பதில் எனக்குத் தெரியாது. இழுத்துப் பார்க்க என் கையில் முனை எதுவும் இல்லை. வரவில்லை என்றாலும் நீயே சொல்லி எழுது. அந்த அறைக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

நம் கல்யாணம் பேசி முடித்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டு முன்னறை. ஒரே ஒரு நாற்காலி, அதில் உன் அப்பா. அவர் உள்ளே வந்து உன்னைக் கேட்டிருக்கலாம். அடுத்த வருஷமே மூச்சிழுப்பில் போய்விட்டார். உன் அம்மா கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள், அவளும் கேட்டிருக்கலாம். அப்பா போன துக்கத்தோடேயே அவளும் போனாள். என் அப்பா தரையில் உட்கார்ந்து, "எப்ப வெச்சுக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். பிற்பாடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சில்லாமல் கிடந்து போனார். நடுவில் நின்று பேசிய உன் மாமா, "எங்க பொண்ணு வாயே திறக்காது" என்று பெருமையாகச் சொன்னார். அவர் கொதிக்கிற வெயிலில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றவர், நின்ற இடத்திலேயே சரிந்தார். அந்த அறையில் இருந்து, அன்றைக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டியவர்களில் இப்போது உயிரோடு மிச்சமிருப்பது, சுவரோரமாக நின்று கதவுக்குக் கீழே தெரிந்த உன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன். நான் ஒருத்தன்தான்.